ஒருங்கிணைந்த விஞ்ஞானமும் கல்முனைக் கரையும்

விஞ்ஞானக் கல்வி யாருக்கு உரியது என்ற வினா எமது நாட்டில் நெடுங்காலமாக வாய்விட்டுக் கேட்கப்படவில்லை. கேட்கப்படாமலே அதற்கு விடை வழங்கப்பட்டு வந்தது. ஆய்வுகூடம் உள்ள கல்லூரியிற் பயின்றவன் பௌதிகமும் இரசாயனமும் கற்றான். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையிற் பயின்றவன் கலைப் பாடங்களைக் கற்றான். இதனைப் பிள்ளையின் நாட்டம் என்றும் திறமை என்றும் பெயரிட்டு அழைத்தனர். உண்மையில் அது கட்டடங்களின் பங்கீடேயன்றி வேறில்லை. இந்தப் பங்கீட்டைப் பரீட்சையின் அமைப்பை மாற்றுவதன் மூலம் உடைத்துவிட முடியுமா என்று ஒருமுறை முயன்று பார்த்தார்கள். 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தமே அது. அதன் வரலாற்றைத் தலைநகரில் இருந்து பலர் எழுதியிருக்கின்றனர். கல்முனைக் கரையில் நின்று நோக்கும்போது அதன் முகம் சற்று வேறாகத் தெரிகின்றது என்பதனாலேயே நாம் இதனை எழுத முற்படுகின்றோம்.

மருதமுனையிலிருந்து தெற்கே கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாகத் தொடரும் ஊர்களில் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். மொழி ஒன்று. வயலும் கடலும் தறியுமே பிழைப்பு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாக்கப்படும்வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மேற்கே கல்லோயாத் திட்டத்தின் பெருநீர்த்தேக்கம் எழுந்தது. அதன் வாய்க்கால்களின் கடைக்கோடியில் சம்மாந்துறை வயல்கள் கிடக்கின்றன. நீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது இங்கு ஒரு பௌதிகக் கணக்கு. அரசியற் கணக்கும் அதுவே.

கல்வியின் நிலை என்ன? கல்முனையில் மெதடிஸ்த மிசனரிமார் நிறுவிய பாடசாலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. எனினும் மதமாற்ற அச்சம் காரணமாக முஸ்லிம் பெற்றோர் மிசனரிப் பாடசாலைகளை விட்டு விலகியே நின்றனர். 1942இல், போர்க்காலத்து உணவு நெருக்கடியின்போது, அவசரகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். நெல் விளைவிக்க வந்த அதிகாரி, இப்பகுதிப் பிள்ளைகளின் கல்வி வறட்சியைக் கண்டு அதனைத் தம் வாழ்நாட் பணியாக்கிக்கொண்டார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றியமைக்குக் கல்முனை அனுபவமும் ஒரு தூண்டுகோலாகும். அதே ஆண்டில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. 1949இல் கல்முனை ஸாஹிறா தோன்றிற்று. ஆனால் பள்ளிக்கூடத்தின் கதவு திறப்பது வேறு, விஞ்ஞான வகுப்பின் கதவு திறப்பது வேறு. முன்னையதற்கு ஒரு கட்டளை போதும். பின்னையதற்குப் பட்டதாரி ஆசிரியரும், நீர்க்குழாயும், எரிவாயு அடுப்பும், கண்ணாடிக் கலங்களும், அமிலப் போத்தல்களும் வேண்டும். இவை மேற்குக் கரையிலும் யாழ்ப்பாணத்திலும் குவிந்திருந்தன.

இவ்விடத்து ஒரு முரணைச் சுட்டாது அப்பாற் செல்ல மனம் வரவில்லை. விஞ்ஞானத்தையும் தமிழையும் பிரிக்காது பயின்ற பேரறிஞர் ஒருவரை இந்தக் கரையே ஈன்றது. காரைதீவிற் பிறந்து, கல்முனையிற் கல்வியைத் தொடங்கிய சுவாமி விபுலாநந்தர் (1892-1947), தமிழ்ப் பேராசிரியராக அறியப்படுமுன் விஞ்ஞான ஆசிரியராக விளங்கியவர். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் கற்பித்தவர். 1930களிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்று உழைத்தவர். 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூலில் நரம்பின் நீளமும் சுருதியின் அளவும் கணிதமாகின்றன, அக்கணிதம் பண்ணாகின்றது. பௌதிகவியல், கணிதம், இசை, இலக்கியம் என்று நாம் வெட்டிப் பிரித்திருக்கும் துறைகள் அங்கே ஒன்றையொன்று விளக்குகின்றன. ஒருங்கிணைந்த அறிவு என்பது மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்று கூறுவோர் காரைதீவுக்கு ஒருமுறை வந்து போகலாம். ஆயினும் ஒரு பேரறிஞரின் ஆற்றல், ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்குமான பாடத்திட்டமாக மாறுவதற்கு இன்னும் கால் நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது.

1971 ஏப்ரலில் தென்னிலங்கை இளைஞர்கள் ஆயுதமேந்தினர். கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு, படித்தோரின் வேலையின்மையை நாட்டின் மையப் பிரச்சினையாகச் சுட்டியது. கல்வி கற்றவன் எழுதுவினைஞன் வேலைக்காகக் காத்திருக்க, வேலைகளோ வேறிடத்தில் இருந்தன. ஐக்கிய முன்னணி அரசின் கல்வி அமைச்சர் கலாநிதி பதியுத்தீன் மஹ்மூத். அமைச்சின் செயலாளர் கலாநிதி பிரேமதாச உடகம. இவர்கள் காலத்தில் உருவான சீர்திருத்தம் பாடசாலையிற் சேரும் வயதை ஐந்திலிருந்து ஆறாக உயர்த்திற்று. முதல் ஐந்து வகுப்புகள் ஆரம்பக் கல்வி. ஆறு முதல் ஒன்பது வரை அனைவருக்கும் ஒரே பாடத்திட்டம். ஒன்பதாம் வகுப்பின் முடிவில் கல்விப் பொதுத் தராதர சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய பொதுக் கல்வித் தராதரப் பத்திரம். மக்கள் வாயில் அது என்.சி.ஜி.ஈ. என்றே வழங்கிற்று. 1972இல் ஆறாம் வகுப்பிற் புகுந்தவர்கள் 1975 டிசெம்பரில் முதலாவது பரீட்சைக்குத் தோற்றினர்.

சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், சமூகக் கல்வி, அழகியல், சுகாதாரமும் உடற்கல்வியும், தொழின்முன்னிலைப் பாடங்கள் என்ற வரிசையில் ஒருங்கிணைந்த விஞ்ஞானம் கட்டாய பாடமாக அமர்ந்தது. அதற்கு முன்னர் சாதாரண தரத்தில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகியவை தனித்தனிப் பாடங்கள். அவற்றை எடுப்பவன் விஞ்ஞானப் பிரிவு; எடுக்காதவன் கலைப் பிரிவு. பதினான்கு பதினைந்து வயதிலேயே வாழ்க்கைப் பாதை இரண்டாகப் பிளந்துவிடும். பிளக்கும் கோடு பெரும்பாலும் ஊரின் எல்லையாகவே இருந்தது. 1972இன் பின்னர் விஞ்ஞானம் கற்காத மாணவன் என்று ஒருவன் இருக்க முடியாது. இந்த ஒரு வாக்கியத்தின் சமுதாயப் பொருளைப் பலர் இன்னும் சரியாக எடைபோடவில்லை என்பது எமது துணிபு. சிறப்பாகப் பெண்பிள்ளைகளை நினைத்துப் பார்க்கவேண்டும். மனையியலும் சமயமும் போதுமென்று வீட்டார் எண்ணிய காலத்தில், பாடத்தைத் தெரிவு செய்யும் அதிகாரமே வீட்டாரிடமிருந்து எடுக்கப்பட்டது. தெரிவு இல்லாமை சில வேளைகளில் விடுதலையாகவும் அமையும்.

உலகச் சூழலும் இதற்குச் சாதகமாயிருந்தது. 1962இல் இங்கிலாந்தில் நபீல்ட் நிறுவனத்தின் விஞ்ஞானத் திட்டம் தொடங்கியது. பின்னர் அதன் கிளையாக இணைந்த விஞ்ஞானப் பாடமும் உருவாயிற்று. 1968இல் பல்கேரியாவின் வர்ணா நகரருகே கூடிய சர்வதேச மாநாடு விஞ்ஞானக் கற்பித்தலின் ஒருங்கிணைப்பையே பொருளாகக் கொண்டது. யுனெஸ்கோ 1971 முதல் அது பற்றித் தொகுதிகள் வெளியிட்டது. இங்கிலாந்தில் விரிவான பாடசாலைகளின் பெருக்கமும், எமது நாட்டில் ஆய்வுகூடப் பஞ்சமும் ஒரே தீர்வை நாடின என்பது சுவையான செய்தி. அங்கே அது கற்பித்தல் முறை பற்றிய விவாதம். இங்கே அது பங்கீடு பற்றிய விவாதம்.

ஒருங்கிணைத்தல் என்பது மூன்று நூல்களை ஒரே அட்டைக்குள் தைப்பதன்று. பொருளொன்றை எடுத்து, அதற்கு வேண்டிய அறிவையெல்லாம் அதனைச் சுற்றி நிறுத்துவதே அதன் சாரம். கருவாட்டை எடுத்துக்கொள்வோம். மீனில் உப்பிடும்போது தசையின் கலங்களிலிருந்து நீர் வெளியேறுகின்றது, அது பிரசாரணம். வெயிலும் கடற்காற்றும் எஞ்சிய நீரை ஆவியாக்குகின்றன. அது வெப்பமும் ஈரப்பதனும். நீரில்லாத இடத்திற் பற்றீரியா பெருகுவதில்லை, அது உயிரியல். மாரி மழைக்காலத்திற் கருவாடு ஏன் கெடுகின்றது என்பதற்கு மூன்று இயல்களும் கூடியே விடை கூறவேண்டும். மருதமுனைத் தறியின் மிதிபலகை ஒரு நெம்புகோல். பாவுநூலின் இழுவை ஒரு விசை. சாயம் நூலிற் பிடிப்பதும் வெளுப்பதும் இரசாயனம். நீர் நிற்கும் வயலில் இட்ட யூரியா எங்கே போகின்றது என்பது சம்மாந்துறை விவசாயியின் பணப் பிரச்சினை; நைதரசன் வட்டம் என்று நூலிற் காண்பதும் அதுவே. கரைவலை இழுப்போருக்கு நீரோட்டம் பற்றித் தெரிந்திருப்பதில் பாதியேனும் எமது பாடநூல்களில் இருக்குமாயின் அவை இன்னும் சில நாள் கிழியாமல் இருக்கும்.

மொழியும் இதற்குத் துணை நின்றது. சுயபாடைக் கல்வியின் விளைவாகத் தமிழில் விஞ்ஞானச் சொற்றொகுதி ஒன்று ஈழத்தில் ஏற்கனவே உருவாகியிருந்தது. அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் வாயிலாகவே ஒட்சிசனும் ஐதரசனும் காபனீரொட்சைட்டும் இலத்திரனும் எமது வகுப்பறைக்குள் நுழைந்தன. தமிழகத்தார் ஆக்சிஜன் என்றும் இயற்பியல் என்றும் எழுத, நாம் ஒட்சிசன் என்றும் பௌதிகவியல் என்றும் எழுதுகின்றோம். இவ்வேறுபாட்டைக் கண்டு சிலர் நகைப்பதுண்டு. ஆனால் மீனவன் பிள்ளையும் நெசவாளி பிள்ளையும் தாய்மொழியிலேயே அணுவைப் பற்றிக் கேட்கவும் கூறவும் முடிந்தது என்பதே இங்கு பெரிது. ஆங்கிலத்தில் மட்டும் விஞ்ஞானம் நிலைத்திருந்தால், எல்லோருக்கும் விஞ்ஞானம் என்ற கட்டளை வெறும் காகிதமாகவே போயிருக்கும்.

இனி மறுபக்கம். தொழின்முன்னிலைப் பாடங்கள் ஊரின் தொழில்களை வகுப்புக்குக் கொண்டுவருவதை நோக்கமாகக் கொண்டிருந்தன. கடலோரத்தில் மீன்பிடியும், தறியுள்ள ஊரில் நெசவும், வயற்புறத்தில் பயிர்ச்செய்கையும் பாடமாகலாம். உழைப்புக்கு மதிப்பளிக்கும் உயரிய கருத்து இது என்பதில் ஐயமில்லை. ஆனால் உழைப்பாளிக்கு இது எவ்வாறு ஒலித்தது? கடலின் கொடுமையிலிருந்து மகனைக் கரையேற்றுவதற்காகவே தந்தை அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான். அங்கேயும் வலையைப் பற்றித்தான் படிப்பிக்கிறார்கள் என்றால், அவன் ஐயங்கொள்வதில் தவறில்லை. கொழும்பின் பெருங்கல்லூரியில் தொழின்முன்னிலைப் பாடம் ஒரு பொழுதுபோக்கு. கல்முனைக்குடியில் அது ஒரு தீர்ப்பு. ஒரே பாடத்திட்டம் இரு வர்க்கங்களிடம் செல்லும்போது இரு பாடத்திட்டங்களாகிவிடுகின்றது. சீர்திருத்தத்தை வகுத்தோர், அவர்களிற் சிலர் இடதுசாரிச் சிந்தனையாளராக இருந்தும், இதனைப் போதிய அளவு கருதவில்லை. வேலையின்மைக்குக் காரணம் பொருளாதாரத்தின் அமைப்பேயன்றிப் பாடசாலையின் பாடமன்று. பொருளாதாரத்தை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் திருத்தினால், பழி மாணவன் தலையில் விழும்.

ஒருங்கிணைந்த விஞ்ஞானத்துக்கு நேர்ந்த இடர் வேறுவகையானது. எழுபதுகளின் முற்பகுதி அந்நியச் செலாவணி வறட்சிக் காலம். அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு நிலவிய நாட்டில் சோதனைக் குழாய்களும் நுணுக்குக்காட்டிகளும் எங்கிருந்து வரும்? எல்லோருக்கும் விஞ்ஞானம் என்று சட்டம் விரிந்த வேகத்தில் உபகரணப் பெட்டிகள் விரியவில்லை. ஆசிரியர்களும் அவ்வாறே. இரசாயனம் பயின்றவர் உயிரியலையும், உயிரியல் பயின்றவர் மின்சாரத்தையும் கற்பிக்க வேண்டியதாயிற்று. விஞ்ஞானமே பயிலாத பலர் குறுகிய பயிற்சியோடு வகுப்புக்குள் அனுப்பப்பட்டனர். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை போன்றவை இப்பகுதிக்கு அளித்த ஆசிரியர்களின் உழைப்பு இல்லையெனில் இந்த அளவேனும் நிகழ்ந்திராது. இருந்தும், பரிசோதனையைச் செய்யாமல் கரும்பலகையில் வரைந்து காட்டும் வழக்கம் வேரூன்றியது அக்காலத்திலேதான். பாசிச்சாயத்தாள் சிவப்பாக மாறும் என்று மனனம் செய்த மாணவன் அத்தாளைக் கண்ணாற் கண்டதில்லை. எலுமிச்சம்பழத்தையும் செவ்வரத்தம்பூவின் சாற்றையும் கொண்டே அதனைக் காட்டியிருக்கலாம் என்பது வேறு விடயம். அதற்கும் ஆசிரியனுக்குத் துணிவும் ஓய்வும் வேண்டும்.

இதே ஆண்டுகளிற் பல்கலைக்கழக வாசலில் நடந்ததையும் உடன்வைத்து நோக்கவேண்டும். 1971ஆம் ஆண்டு அனுமதியில் பொறியியற் பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 400இற்கு 250 புள்ளியும், சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளியும் வெட்டுப்புள்ளியாக விதிக்கப்பட்டன. மொழியை அடிப்படையாகக் கொண்ட இவ்வேறுபாடு அநீதி என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை; தமிழ் மொழியிற் கற்ற கல்முனை மாணவனையும் அது தாக்கியது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்து இளைஞருக்கு அது கதவடைப்பு. அம்பாறைக்கும் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் அதுவே கதவுத் திறப்பு. பிற்காலத்திற் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட பங்கிலும் அம்பாறை இடம்பெற்றது. தமிழ் பேசும் மக்களாகிய நாம் இவ்விரு உண்மைகளையும் ஒரே வாயாற் கூறப் பழகவில்லை. ஒருவர் காயத்தை மற்றவர் பேறாகக் காட்டும் அரசியலே இரு பக்கமும் வளர்ந்தது. ஆனால் இவ்விவாதம் முழுவதும் மறைத்துவிட்ட ஒன்று உண்டு. வாசலில் எத்தனை இடம் என்பதை மட்டும் பேசினோமேயன்றி, வாசலுக்கு வருமுன் பிள்ளை எந்த ஆய்வுகூடத்தில் நின்றான் என்று கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்புவரை எல்லோரும் ஒருங்கிணைந்த விஞ்ஞானம் கற்றபின், உயர்தரத்தில் பௌதிகமும் இரசாயனமும் மீண்டும் பிரிந்தே நின்றன. அவ்வகுப்புகள் எங்கு இருந்தனவோ அங்கேயே பழைய கோடு மறுபடி வரையப்பட்டது. ஒருங்கிணைந்த பாடத்தின் ஆழக்குறைவை நிரப்பத் தனியார் வகுப்பு வசதியுள்ளவனுக்கு வழியிருந்தது; மற்றவனுக்கு இல்லை.

1977 தேர்தலில் ஆட்சி மாறிற்று. புதிய அரசு தேசியத் தராதரப் பத்திரங்களை நீக்கி, சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் மீட்டது. சேர்க்கை வயது மறுபடி ஐந்தாயிற்று. தொழின்முன்னிலைப் பாடங்கள் மறைந்தன. உயர் தரத்துக்கென வகுத்த புதிய சான்றிதழ் வேரூன்றுமுன்னரே பிடுங்கப்பட்டது. பெற்றோரில் மிகப் பலர் மகிழ்ந்தனர் என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஆயினும் நீக்கியவர்கள் ஒன்றை மட்டும் நீக்கவில்லை. நீக்கத் துணியவில்லை என்றே கூறலாம். சாதாரண தரத்தில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்ற மூன்றும் தனித்தனியே திரும்பி வரவில்லை. ஒரே விஞ்ஞானப் பாடம், அனைவருக்கும் கட்டாயமாக நிலைத்தது. பின்னர் விஞ்ஞானமும் தொழினுட்பவியலும் என்று பெயர் மாறி, இன்று விஞ்ஞானம் என்றே வழங்குகின்றது. இங்கிலாந்தில் 1988இல் புதிய பொதுச் சான்றிதழ்ப் பரீட்சை தொடங்கிய பின்னரே இரட்டைப் பெறுமதியுள்ள இணைந்த விஞ்ஞானம் பெருவழக்காயிற்று என்பதை நினைத்தால், வறிய தீவொன்று அதற்கு முன்னரே எல்லாப் பிள்ளைகளுக்கும் அதனை வழங்கிவிட்டது என்பது சிறிய செய்தியன்று. ஐந்தாண்டுகூட முழுமையாக வாழாத சீர்திருத்தம் என்று என்.சி.ஜி.ஈ.யை இகழ்வோர், இந்நாட்டில் சாதாரண தரம் எழுதும் ஒவ்வொரு பிள்ளையும் அதன் மிச்சத்தையே கையில் வைத்திருக்கிறது என்பதை அறியார்.

இந்தக் கரையில் அதன் விளைவு மெதுவாக வந்தது. போர் அதனை மேலும் தாமதப்படுத்திற்று. 1995இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி அடுத்த ஆண்டு பல்கலைக்கழகமாயிற்று. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்தது. நெல்வயல்களின் நடுவே விஞ்ஞானப் பட்டம் வழங்கும் பீடம் ஒன்று எழும் என்று 1972இல் எவரும் எண்ணியிரார். 2004 டிசெம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது, நாட்டின் மாவட்டங்களுள் மிகப் பெரும் உயிரிழப்பைக் கண்டது அம்பாறை. கரையோரப் பாடசாலைகள் பலவும் அழிந்தன. கடல் பின்வாங்கி மணல் வெளித்தபோது, மீன் பொறுக்க ஓடியவர்களும் உண்டு. பின்வாங்கும் கடல் திரும்பி வரும் என்பதை எந்தப் பாடநூலும் எமக்குக் கூறியிருக்கவில்லை. அலையின் இயக்கம் பௌதிக நூலிலும், புவித்தட்டு புவியியல் நூலிலும், கடற்கரைத் தாவர வேலி உயிரியல் நூலிலும் தனித்தனியே படுத்துக் கிடந்தன.

2013இல் உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவு தொடங்கியது. அதில் தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம் என்று ஒரு பாடம்; பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் கணிதமும் அதில் ஒன்றாக வருகின்றன. எழுபதுகளின் கருத்து உயர்தரத்திலும் ஏறிவிட்டது என்று முதலில் நாம் மகிழ்ந்தோம். ஆனால் நடைமுறையிற் பௌதிக விஞ்ஞானப் பிரிவும் உயிரியற் பிரிவும் முதலாம் பந்தியில் அமர, தொழினுட்பப் பிரிவு இரண்டாம் பந்தியிலே அமர்த்தப்படுகின்றது. இணைந்த விஞ்ஞானம் எளியோருக்கு, பிரிந்த விஞ்ஞானம் உயர்ந்தோருக்கு என்ற எண்ணம் ஆசிரியர் அறையிலேயே கேட்கின்றது. தொழின்முன்னிலைப் பாடத்துக்கு நேர்ந்த கதி மீண்டும் நேர்கின்றதோ என்று அஞ்சவேண்டியிருக்கின்றது.

சான்றிதழ் ஒன்றை வகுக்கும்போது பாடப்பொருளைப் பற்றியே பேசுகின்றோம். அளவிடும் முறையைக் கடைசியிற் சேர்க்கின்றோம். சாதாரண தர விஞ்ஞானத்தின் முதற் பத்திரம் 40 பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் பத்திரம் எழுத்து வினாக்கள். மாணவன் கையாற் செய்த எதற்கும் அப்பத்திரங்களில் இடமில்லை. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று ஒன்று இருக்கின்றது. பரீட்சையின் தரத்தை அது தீர்மானிப்பதில்லை. ஆதலால் ஆய்வுகூடம் உள்ள பாடசாலையும் அதனைப் பூட்டியே வைக்கலாம், இழப்பொன்றும் இல்லை. 1972இல் எல்லாப் பிள்ளைகளையும் விஞ்ஞான வகுப்பில் அமர்த்தியவர்கள், அவர்கள் கையில் ஒரு பொருளைக் கொடுத்து அதற்குப் புள்ளியிடும் வழியைக் காணவில்லை. அவர்களுக்குப் பின்வந்தோரும் காணவில்லை. உப்புநீரின் அடர்த்தியை ஒரு முட்டையைக் கொண்டு அளப்பதற்கும், கிணற்று நீரின் உவர்ப்பை மாரியிலும் கோடையிலும் ஒப்பிட்டுக் குறிப்பெழுதுவதற்கும், தறிமிதியின் நெம்புதானத்தை அளந்து கணக்கிடுவதற்கும் இறக்குமதி எதுவும் தேவையில்லை. மூன்று மாதக் குறிப்பேடும், அதனைப் பார்த்துப் புள்ளியிடப் பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவரும் போதும். மருதமுனை ஆசிரியர் காரைதீவுப் பிள்ளையின் குறிப்பேட்டையும், காரைதீவு ஆசிரியர் நிந்தவூர்ப் பிள்ளையின் குறிப்பேட்டையும் பார்க்கலாம். பேருந்தில் அரை மணி நேரத் தூரந்தான்.